பதினான்காவது மாடி பேஸ்மென்ட்

அந்த வாட்ஸப் குழுவுக்குப் பேர் பேஸ்மென்ட். கூடுவதோ கல்கத்தா நியூ டவுனில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் பதினான்காவது மாடியில். இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்த ஒரே ஆள் வெங்கடநாராயணனின் மனைவி ஜலஜாதான். குழுவிலிருந்த ஐந்து பேருக்கும் இதில் சிரிக்க ஒன்றும் தெரியவில்லை. அவர்கள் கேட்பது அண்டர்கிரவுண்ட் எலக்ட்ரானிக் இசை. அண்டர்கிரவுண்ட் என்றால் என்ன என்று கேட்டால் ஆளுக்கொரு விளக்கம் சொல்வார்கள். மொத்தத்தில், பக்கத்து வீட்டுக்காரன் அதைக் கேட்டிருக்கக் கூடாது என்று அர்த்தம்.

அங்கே இசையைப் பற்றி யாரும் அதிகம் பேசமாட்டார்கள். பேச்செல்லாம் லேபிளைப் பற்றித்தான். லேபிள் என்றால் இசையை வெளியிடுகிற கம்பெனி. கம்பெனி என்று சொன்னாலே அவர்களுக்குக் கோபம் வந்துவிடும். ராட்டர்டாமில் ஒருத்தன் படுக்கையறையில் உட்கார்ந்து ஐம்பது கேசட் போட்டால் அது லேபிள். அவனே ஐந்நூறு போட்டால் விலைபோய்விட்டான். எது சொந்தச் சரக்கு, எது வெறும் பரபரப்பு, யார் யாரைக் காப்பியடித்தார்கள் என்று ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு ஆரம்பித்தால் விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் போகும்.

குழுவில் ஒரு சட்டம் உண்டு. யாராவது ஒரு லேபிளின் பேரைச் சொல்லும்போது "நான் கேட்டதில்லை" என்று எவர் வாயைத் திறக்கிறாரோ, அவர் கீழே போய் எல்லாருக்கும் பரோட்டாவில் சுருட்டித் தருகிற மட்டன் ரோல் ஆளுக்கொன்று வாங்கிவர வேண்டும். விளையாட்டாக வைத்த சட்டம்தான். ஆனால் பாருங்கள், லிஃப்டில் தனியாக இறங்கி, ரோல் கடையில் கால்கடுக்க நின்று, பையோடு திரும்பி வந்து, நாலு பேர் முகத்தில் தெரிகிற இரக்கத்தைப் பார்க்க வேண்டுமே, அதற்கு எவன் துணிவான்? ஆகவே யாரும் கேட்டதில்லை என்று சொல்வதில்லை. எந்தப் பேர் வந்தாலும் கண்ணை லேசாக மூடி, தலையை ஆட்டி, "ஆரம்பத்துல நல்லா இருந்தாங்க" என்று சொல்லிவிடுவார்கள். இது எல்லா லேபிளுக்கும் பொருந்தும்.

மஹிமா ஒருத்திதான் இந்த வித்தை தெரியாதவள். துறைமுகத்தில் வேலை பார்க்கிற பிரிட்டோவின் மகள், இருபத்துநாலு வயது. பெஹாலாவிலேயே பிறந்து வளர்ந்ததால் தமிழைவிட வங்காளம் அவளுக்குச் சுலபம். எட்டு மாதத்துக்கு முன்னால் குழுவில் சேர்ந்தவள், கதவோரம் மோடாவை, அந்தப் பிரம்பு முக்காலியை, போட்டு உட்காருவாள். பேர் தெரியாவிட்டால் தெரியாது என்பாள். எட்டு மாதத்தில் பதினோரு தடவை ரோல் வாங்கியிருந்தாள். கடைக்காரர் அவளைக் கண்டதும் ஐந்து பரோட்டாவைக் கல்லில் போட்டுவிடுவார்.

வெங்கடநாராயணன் வாங்கியதே இல்லை. முப்பத்தெட்டு வயது, குழுவிலேயே மூத்தவர். அலிப்பூரில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் செக்‌ஷன் ஆபீசர். வாரம் பூராவும் மேலே இருந்து வருகிற கோப்பில் "பார்த்தேன்" என்று எழுதிக் கீழே அனுப்புவார், கீழே இருந்து வருவதில் "பார்த்தேன்" என்று எழுதி மேலே அனுப்புவார். அவர் என்ன நினைக்கிறார் என்று அங்கே யாரும் கேட்டதில்லை. பேஸ்மென்ட்டில் கேட்பார்கள். "வெங்கிதா என்ன சொல்றார்?" என்று நாலு பேர் திரும்பிப் பார்க்கிற அந்த நொடிக்காகத்தான் அவர் ஞாயிற்றுக்கிழமை மத்தியானத் தூக்கத்தை விட்டுக்கொடுத்து, பெஹாலாவிலிருந்து பஸ் ஏறி, ஊரின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போய்க்கொண்டிருந்தார். வங்காளத்தில் அண்ணனைத் தாதா என்பார்கள். பேரோடு சேர்ந்தால் அது 'தா' ஆகிவிடும். வெங்கிதா என்று கூப்பிட்டால் அவருக்கு உள்ளே குளிரும்.

அந்தக் குளிர்ச்சிக்கு ஜெய்ராம் வேட்டு வைத்தான். ஐ.டி. கம்பெனிக்காரன். எப்போதும் கையில் புதுசாக ஒரு ரிகார்டு இருக்கும், வாய் அதைவிட நீளம். ஆகஸ்ட் மாதத்தில் ஒரு நாள், "வெங்கிதா பாவம், ரெண்டாயிரத்துப் பதினாலுலயே நின்னுட்டார்" என்று சொல்லிவிட்டான். எல்லாரும் சிரித்தார்கள். மஹிமா மட்டும் சிரிக்கவில்லை. ஒரு வாரம் பூராவும் வெங்கடநாராயணனுக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த ஞாயிறு ஜெய்ராம் ஒரு டச்சு ரிகார்டோடு வந்து, பட்டாபியின் ஆளுயர ஸ்பீக்கர்கள் நடுவே நின்றுகொண்டான். பட்டாபிதான் அந்த வீட்டுக்காரன். அவனுக்கு இசை முக்கியமில்லை, அது வருகிற வயர் முக்கியம்.

"இந்த மாதிரி சவுண்ட் இதுவரைக்கும் உலகத்துல யாரும் பண்ணினது கிடையாது. மொத்தமே நூறு காப்பி" என்றான் ஜெய்ராம்.

வெங்கடநாராயணனின் வாய் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

"இதையா புதுசுங்கற? இதை டால்விக் பண்ணி பன்னெண்டு வருஷம் ஆச்சேப்பா."

நாலு பேரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்கே தான் என்ன சொன்னோம் என்று தெரியவில்லை. வாய் தன்பாட்டுக்கு மேலே போனது. "டால்விக் டேப்ஸ். எஸ்டோனியா. ஒவ்வொரு கேசட்டும் நாப்பது காப்பிதான். இன்டர்நெட்ல தேடினா ஒரு எழுத்து கிடைக்காது. அது அவங்க கொள்கை."

பட்டாபி கண்ணை மூடித் தலையை ஆட்டினான். "டால்விக்ல அந்த அடி சத்தம் இருக்கே, சாதாரண ஸ்பீக்கர்ல அது கேக்கவே கேக்காது."

தேபாஞ்சன் தாடியைத் தடவினான். அவன் வங்காளி, லேக் மார்க்கெட்டில் தமிழர்கள் நடுவே வளர்ந்தவன். தமிழ் நன்றாகவே பேசுவான், கோபம் வந்தால் மட்டும் சொந்த பாஷைக்கு ஓடிவிடுவான். "முதல் ரெண்டு கேசட் வரைக்கும் சரி. அப்புறம் அவங்களுக்கே அவங்க மேல மயக்கம் வந்துடுச்சு" என்றான்.

ஜெய்ராம் ரிகார்டை உறைக்குள் மெதுவாகச் செருகினான். "டால்விக்கை நான் ஏன் சொல்லலைன்னா, அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானேன்னு விட்டுட்டேன்."

"நான் கேட்டதில்லை" என்றாள் மஹிமா.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனபோதுதான் வெங்கடநாராயணனுக்கு அந்தப் பேர் எங்கிருந்து வந்தது என்று ஞாபகம் வந்தது. வெள்ளிக்கிழமை அவர் கையெழுத்துப் போட்டு வாங்கிய, பழைய கோப்புகளைக் கிழிக்கிற மிஷின். பச்சைத் தகட்டில் பெரிதாக 'டால்விக்' என்று எழுதியிருந்தது. அவருக்குக் காது சூடாகிவிட்டது. சொல்லிவிடலாம் என்று பார்த்தார். ஆனால் மூன்று பேர் அதைக் கேட்டிருக்கிறார்களே. இப்போது இல்லையென்றால் அவர்களுக்கும் அல்லவா அவமானம் என்று ஒரு நல்ல காரணம் கிடைத்தது. ரோல் வந்தது. யாரோ மிச்சம் வைத்ததையும் சேர்த்து இரண்டு சாப்பிட்டார்.

வீட்டுக்கு வந்து ஜலஜாவிடம் சொல்லிச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"அந்த மூணு தடியன்களும் பொய் சொன்னாங்க, சரி. உண்மையைச் சொன்ன பொண்ணு மட்டும் பதினாலு மாடி இறங்கி ஏறினாளாக்கும். அவ வாங்கிட்டு வந்ததை ரெண்டு தின்னுட்டு வந்திருக்கீங்களே, எப்படிங்க தொண்டையில இறங்குச்சு?"

"லிஃப்ட் இருக்குடீ."

"ரொம்ப முக்கியம்" என்று ஜலஜா மாவைக் கரைக்கப் போய்விட்டாள்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. டால்விக் வளர்ந்தது. ஜெய்ராம் குழுவில் டால்விக்கின் மூன்றாவது கேசட்டைப் பற்றி இரண்டு திரைக்கு நீளுகிற மாதிரி ஒரு பதிவு போட்டான். டொரான்டோவில் இருக்கிற தன் மாமா பையனிடம் இரண்டு கேசட் இருப்பதாக தேபாஞ்சன் எழுதினான். டால்விக் நிஜமாகவே அண்டர்கிரவுண்டா, இல்லை கிடைக்காது என்று சொல்லியே கிளப்பிவிட்ட பரபரப்பா என்று செப்டம்பர் முழுக்க ஒரு சண்டை நடந்தது. பழைய டால்விக் கட்சி, புதிய டால்விக் கட்சி என்று பிரிந்து, தேபாஞ்சன் துர்கா பூஜை வாழ்த்தைக்கூட ஜெய்ராமுக்குத் தனியாக அனுப்பவில்லை. சந்தேகம் வந்தால் எல்லாரும் வெங்கடநாராயணனிடம்தான் வந்தார்கள். நிறுவியவன் பேர் என்ன என்று பட்டாபி கேட்டபோது அவர் கொஞ்சமும் யோசிக்காமல், "பேரைச் சொல்லக் கூடாதுன்னு கேட்டுக்கிட்டான்" என்றார். இப்படி ஒரு திறமை தனக்குள் இருக்கிறது என்று முப்பத்தெட்டு வருஷமாக அவருக்குத் தெரியாது. வெட்கமாகவும் இருந்தது, சுகமாகவும் இருந்தது. சுகம்தான் கூட.

பூஜை முடிந்த மாதத்தின் கடைசி ஞாயிறு. கடைசி ஞாயிற்றில் மட்டும் ஒரு தனி வழக்கம் உண்டு. ஒவ்வொருத்தரும் ஒரு துண்டு இசையைப் பேர் ஊர் இல்லாமல் பென்டிரைவில் கொண்டுவருவார்கள். போட்டுக் கேட்டு, நல்லதா கெட்டதா, எந்த லேபிள் என்று மற்றவர்கள் சொன்ன பிறகுதான் கொண்டுவந்தவர் வாயைத் திறக்கலாம்.

பெஹாலாவில் பஸ் ஏறினால் மஹிமா உட்கார்ந்திருந்தாள். மடியில் பை, பைக்குள்ளிருந்து ஒரு தாள் நீட்டிக்கொண்டிருந்தது. வெங்கடநாராயணன் பக்கத்தில் உட்கார்ந்தார். கண்டக்டர் வாசலில் தொங்கிக்கொண்டு பக்கவாட்டுத் தகரத்தை இரண்டு தட்டுத் தட்ட, பஸ் கிளம்பியது.

"வெங்கிதா, உங்ககிட்ட மட்டும் ஒண்ணு சொல்லணும். இன்னிக்கு நான் கொண்டுபோறது எந்த லேபிளும் இல்ல. நான் பண்ணினது."

"நீயா?"

"ரெண்டு வருஷமா ராத்திரி ராத்திரி பண்ணிட்டிருக்கேன். அம்மா பேங்க் கோச்சிங்ல சேருன்னு சொல்றாங்க." அவள் தாளை இழுத்துக் காட்டினாள். கோச்சிங் சென்டரின் விண்ணப்பம். பேர் வரைக்கும் நிரப்பியிருந்தாள். "நாளைக்குத்தான் கடைசி நாள். சேர்ந்தா காலைல ஏழுலேர்ந்து ராத்திரி வரைக்கும் அதான், இது முடியாது. அதான் இன்னிக்கு ஒரே ஒரு தடவை கேக்க வெச்சுப் பாக்கணும். நல்லா இல்லன்னா கையெழுத்து போட்டுடுவேன். மத்தவங்க என்ன சொன்னாலும் பரவால்ல, நீங்க நெஜத்தைச் சொல்லுங்க. அங்க நெஜம் பேசற ஒரே ஆளு நீங்கதான்."

வெங்கடநாராயணன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். வெளியே பார்க்க ஒன்றுமில்லை, மெட்ரோத் தூண்தான் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு, "சொல்றேம்மா" என்றார்.

பட்டாபி வீட்டில் மஹிமாவின் பென்டிரைவ் நாலாவதாக வந்தது. ஏழு நிமிஷம். முதலில் ஒன்றுமே இல்லை, ஒரு உறுமல் மட்டும். பிறகு ஒரு தட்டு. கொஞ்சம் கழித்து இரண்டு தட்டு. தகரத்தில் உள்ளங்கை விழுகிற சத்தம். அது ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, நடுவில் எங்கோ ஒரு குரல் இழுபட்டு நீண்டு, திடீரென்று படபடவென்று தட்டல்கள் கொட்டத் தொடங்கின.

வெங்கடநாராயணனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. இது அவருக்குத் தெரிந்த சத்தம். தினம் பெஹாலாவிலிருந்து அலிப்பூருக்கு இதில்தானே போகிறார். கண்டக்டர் ஒரு தட்டுத் தட்டினால் நில். இரண்டு தட்டினால் போ. படபடவென்று தட்டினால் பின்னால் அதே ரூட் பஸ் வருகிறது, விடாதே, முந்து. அந்த இழுபட்ட குரல் "ஆஸ்தே, லேடீஸ்" என்று கத்துகிற கண்டக்டர், பெண்கள் இறங்குகிறார்கள், மெதுவாகப் போ என்கிறான். ஆறு வருஷமாக இதைக் கேட்டுத் தலைவலி வந்திருக்கிறதே ஒழிய, இதற்குள் இப்படி ஒன்று இருக்கிறது என்று அவருக்குத் தோன்றியதே கிடையாது. அந்தப் பெண்ணுக்குத் தோன்றியிருக்கிறது. பொறாமையாகக்கூட இருந்தது அவருக்கு.

மற்ற மூவரும் பஸ் ஏறாதவர்கள், போனில் ஆப் டாக்ஸி கூப்பிட்டுப் போகிறவர்கள்.

இசை நின்றது. ஜெய்ராம்தான் மெல்ல ஆரம்பித்தான். "பனி உடையற சத்தம். அந்தக் குளிர் இருக்கே, அதை வேற எவனாலயும் கொண்டுவர முடியாது. டால்விக். அஞ்சாவது கேசட்."

"நூத்துக்கு நூறு" என்றான் பட்டாபி. "அந்த அடி சத்தத்தைக் கேட்டீங்கள்ல?"

"சோவியத் காலத்துத் தொழிற்சாலை" என்றான் தேபாஞ்சன். "மூடிப் போன தொழிற்சாலையில போய் ரிகார்ட் பண்ணியிருக்காங்க. இவங்களை நான் தப்பா பேசிட்டேன், ஜெய்ராம். மேதைங்கதான்."

இரண்டு மாதச் சண்டை அங்கேயே தீர்ந்து இருவரும் கை குலுக்கிக்கொண்டார்கள். மஹிமாவின் முகம் மலர்ந்துவிட்டது. மேதை என்ற பிறகு மற்றதெல்லாம் அவள் காதில் விழுந்ததா என்பதே சந்தேகம்.

"நான் பண்ணினது" என்றாள். "எங்க ரூட் பஸ்ல, போன்ல ரிகார்ட் பண்ணினது."

யாரும் கை தட்டவில்லை. ஜெய்ராம் தலையைச் சாய்த்து அவளைப் பார்த்தான்.

"மஹிமா, கேலி பண்றதுக்கும் ஒரு அளவு இருக்கு. டால்விக்கையே கேட்டதில்லைன்னவ நீ. அப்புறம் எங்கயோ தேடிப் பிடிச்சிருக்க. அது தப்பில்ல. உன்னதுன்னு சொல்றதுதான் தப்பு."

"இல்ல ஜெய்ராம்தா, நெஜமா நான்தான்."

"என்கிட்ட அந்தக் கேசட் இருக்கு. அஞ்சாவது, பி சைட், ரெண்டாவது. அட்சரம் பிசகாம இதேதான்."

பாவி, என்று வெங்கடநாராயணன் மனசுக்குள் சொன்னார். யாரைச் சொன்னோம் என்று யோசித்ததும் அடங்கிப் போனார்.

பட்டாபி செருமினான். டொரான்டோ பையனும் இதைப் போட்டுக் காட்டியதாக தேபாஞ்சனுக்கு ஞாபகம் வந்தது. திருட்டு என்ற வார்த்தையை முதலில் யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை, ஆனால் சொல்லப்பட்டுவிட்டது. சொந்தச் சரக்கைப் பற்றி இத்தனை நாளாக இங்கே பேசிக்கொண்டிருக்கிறோம், கடைசியில் நம் வீட்டுக்குள்ளேயே இப்படியா என்று ஜெய்ராம் வருத்தப்பட்டான். குழுவிலிருந்து அவளாகவே போய்விட்டால் கௌரவமாக இருக்கும் என்றான். மஹிமாவின் கண்ணில் தண்ணீர் நின்றது. அவள் வேறு யாரையும் பார்க்கவில்லை.

"வெங்கிதா, நீங்க சொல்லுங்க."

"ஆமா, வெங்கிதா சொல்லட்டும்" என்றான் ஜெய்ராம். "டால்விக்கை நமக்குக் காட்டினதே அவர்தானே."

நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். எந்த நொடிக்காக வாரா வாரம் பஸ் ஏறி வந்தாரோ அதே நொடி. 

வெங்கடநாராயணன் முதலில் குறுக்கு வழியில் போய்ப் பார்த்தார். "எனக்கென்னவோ இது டால்விக் மாதிரி தோணலை."

"அஞ்சாவது கேசட் நீங்க கேட்டிருக்கமாட்டீங்க" என்றான் ஜெய்ராம். இரக்கம் வேறு.

"ஒருவேளை டால்விக்காரனே இவகிட்டேர்ந்து காப்பியடிச்சிருக்கலாமில்ல?"

"பன்னெண்டு வருஷம் முன்னாடியா? அப்ப இவ ஆறாங்கிளாஸ்."

மஹிமா பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். விண்ணப்பத் தாள் இன்னும் வெளியே நீட்டிக்கொண்டுதான் இருந்தது. பேர் மட்டும் நிரப்பிய தாள். இன்னும் ஒரு நிமிஷத்தில் அவள் லிஃப்டில் இறங்கிவிடுவாள். கையில் பென்டிரைவை வைத்துக்கொண்டு, திருடி என்ற பேரோடு.

"டால்விக்னு ஒரு லேபிள் கிடையாது" என்றார் வெங்கடநாராயணன். "எங்க ஆபீஸ்ல பேப்பர் கிழிக்கிற மிஷின் அது. அன்னிக்கு ஜெய்ராம் மேல இருந்த எரிச்சல்ல வாயில வந்துடுச்சு. எஸ்டோனியாவும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. எல்லாம் நான் விட்ட கதை."

இதற்கு என்ன நடந்திருக்க வேண்டும்? எல்லாரும் திருதிருவென்று முழித்திருக்க வேண்டும். அதுதான் இல்லை. மூன்று பேரும் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

"வெங்கிதா, அந்தப் பொண்ணைக் காப்பாத்தணும்னு நினைக்கிறீங்க. நல்ல மனசு" என்றான் பட்டாபி. "அதுக்காக ஒரு லேபிளையே இல்லைன்னு சொல்லலாமா?"

"நான்தாண்டா கட்டிவிட்டேன் அதை."

"நீங்க சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்னு நினைச்சிட்டிருக்கீங்களா?" என்று ஜெய்ராம் கோபப்பட்டான். "எனக்கு அதுக்கு முன்னாடியே தெரியும்."

வெங்கடநாராயணன் போனை எடுத்தார். ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏற்றுவதற்காக மிஷினைப் படம் பிடித்து வைத்திருந்தார். பச்சைத் தகடு, டால்விக், கீழே வரிசை எண், பக்கத்தில் ஆபீஸ் சுவரில் மூன்று வருஷமாக யாரும் மாற்றாத காலண்டர். போன் கைமாறிக் கைமாறிப் போனது. பட்டாபி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். பிளக்கையும் வயரையும் பார்த்தான். அதில் என்ன தெரிந்ததோ, முதலில் நம்பியவன் அவன்தான்.

"இது ஆபீஸ் மிஷின்தான்" என்றான் சுரத்தில்லாமல்.

"ஒரே கம்பெனி ரெண்டும் பண்ணலாம்" என்றான் ஜெய்ராம்.

"ஜெய்ராம்" என்றார் வெங்கடநாராயணன். கோபம் வந்துவிட்டது அவருக்கு, தன்மேல் வந்ததுதான், குரலில் எல்லார்மேலும் விழுந்தது. "நான் டால்விக் கேட்டதில்லை. சட்டப்படி இன்னிக்கு ரோல் நான் வாங்கறேன். இப்ப நீங்க ஒவ்வொருத்தரா மனசுல கை வெச்சுச் சொல்லுங்க. இந்தப் பொண்ணு முன்னாடி சொல்லுங்க. அன்னிக்கு அவ சொன்னாளே, அந்த ஒரு வார்த்தை."

ஸ்பீக்கரிலிருந்து வருகிற மெல்லிய இரைச்சல்கூடக் கேட்டது. அவ்வளவு உயர்ந்த வயர்.

"நானும் கேட்டதில்லை" என்றான் பட்டாபி.

தேபாஞ்சன் சொந்த பாஷைக்குப் போய்விட்டான். "ஆமியோ ஷுனினி" என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு. நானும் கேட்டதில்லை. "மாமா பையன் டொரான்டோல இருக்கறது மட்டும் உண்மை."

ஜெய்ராம் எழுந்து பால்கனிக்குப் போனான். பதினான்காவது மாடியிலிருந்து நியூ டவுனை ஐந்து நிமிஷம் பார்த்தான். திரும்பி வந்து மஹிமாவுக்கு எதிரே நின்றான்.

"கேட்டதில்லைதான்" என்றான். "ஆனா கேட்டிருந்தா எனக்குப் பிடிச்சிருக்கும்." அப்புறம், இன்னும் மெதுவாக, "பஸ்ஸா அது? நெஜமாவே பஸ்ஸா?"

மஹிமா தோளிலிருந்த பையை இறக்கி வைத்தாள். பென்டிரைவை எடுத்து மறுபடி செருகினாள். இந்தத் தடவை வெங்கடநாராயணன் பக்கத்திலிருந்த மேஜையில் உள்ளங்கையால் தட்டிக் காட்டினார். இது நில், இது போ, இதோ பின்னால் பஸ் வருகிறது. ஜெய்ராம் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தான். கல்கத்தாவிலேயே முப்பது வருஷம் இருந்தவன் அவன்.

சட்டம் சட்டம்தான். கேட்டதில்லை என்றவர்கள் நாலு பேர், ஒவ்வொருத்தரும் ஐந்து பேருக்கு வாங்க வேண்டும். நாலு ஆண்களும் ஒரே லிஃப்டில் இறங்கினார்கள். கடைக்காரர் அவர்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "திதி வரலியா?" என்று விசாரித்தார். அக்கா வரவில்லையா என்று மஹிமாவைத்தான் கேட்கிறார். இருபது ரோலை வைத்துக்கொண்டு ஐந்து பேர் என்ன செய்வது? மஹிமா முதல் தடவையாகத் தான் வாங்காத ரோலைத் தின்றாள், ஒன்றே ஒன்று. மீதியை ஆளுக்குக் கொஞ்சம் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இருவரும் பக்கத்துப் பக்கத்து சீட்டில்தான் இருந்தார்கள். வெங்கடநாராயணனின் மடியில் எண்ணெய் ஊறின பை சுட்டுக்கொண்டிருந்தது.  சயின்ஸ் சிட்டி ஸ்டாப் தாண்டியதும்தான் மஹிமா பேசினாள்.

"ரெண்டு மாசம், வெங்கிதா. அன்னிக்கு வீட்டுக்குப் போய் டால்விக்னு எல்லா இடத்துலயும் தேடினேன். கிடைக்கலை. எனக்குத்தான் ஒண்ணும் தெரியலை, எனக்கெல்லாம் எதுக்கு இந்த ஆசைன்னு நினைச்சேன். அந்த வாரம்தான் அம்மாகிட்ட ஃபாரம் வாங்கிட்டு வரச் சொன்னேன்."

 வெங்கடநாராயணன் மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தார். தப்புப் பண்ணிவிட்டேன், பெரிய மனசு பண்ணு என்று நாலு வார்த்தை வரிசையாக வந்து நின்றன. எல்லாமே ஆபீஸ் கடிதம் மாதிரி இருந்தன. அவள் மத்தியானம் பஸ்ஸில் கேட்டது அதை இல்லை.

"அஞ்சாவது நிமிஷத்துல கொஞ்சம் இழுக்குதும்மா" என்றார். "அந்தக் கண்டக்டர் குரல் வந்தப்புறம், தட்டு வர்றதுக்கு முன்னாடி. அது வரைக்கும் நான் மூச்சு விடலை. அந்த இடத்துல விட்டுட்டேன்."

மஹிமா திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தாள். கோபமா என்று அவருக்குத் தெரியவில்லை. பையைத் திறந்து விண்ணப்பத்தை வெளியே எடுத்தாள். பேனாவையும் எடுத்தாள். போச்சு, கையெழுத்துப் போடப் போகிறாள் என்று அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அவள் தாளைத் திருப்பி, பின்பக்கத்தை முழங்காலில் வைத்துத் தேய்த்து நிமிர்த்தினாள்.

"அஞ்சு இல்ல, வெங்கிதா. நாலரைலயே இழுக்க ஆரம்பிச்சுடுது. மேதை மேதைன்னு எல்லாரும் சொன்னாங்க, இதை ஒருத்தராவது சொல்லுவாங்களான்னு பாத்துட்டே இருந்தேன்."

நாலரை என்று எழுதிக் கீழே இரண்டு கோடு போட்டாள். கண்டக்டர் தகரத்தில் ஒரு தட்டுத் தட்டினான், பஸ் நின்றது. இரண்டு பேரும் பேச்சை விட்டுவிட்டு அடுத்த இரண்டு தட்டுக்காகக் காத்திருந்தார்கள்.